சாலிங்கின் நுரைத் தொட்டி

எங்கள் கலிபுனான் ஊருக்குள் யார் நுழைந்தாலும் முதலில் மேயர் புவெனாஃப்ளோரின் பல்வரிசையைத் தரிசித்தாக வேண்டும். வரவேற்பு வளைவில் அவர் படம் ஒன்று, கூரை போட்ட கூடைப்பந்து மைதானத்தில் நான்கு, குப்பை வண்டியில் இரண்டு. பிணம் ஏற்றும் வண்டியிலும் ஒன்று உண்டு. அதிலும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார். தீயணைப்பு வண்டியின் கதவிலும் அதே சிரிப்புத்தான். அந்த வண்டியை ஓட்டுகிறவளின் படத்தை மட்டும் எங்கேயும் பார்க்க முடியாது. அவள் பெயர் சல்வசியோன் திமாகுலங்கான். ஊருக்கு சாலிங் அக்கா.

நான் அன்செல்மோ. நகரசபையில் தட்டச்சர். சபை எதை நிறைவேற்றினாலும் அதை எழுத்தில் கொண்டுவருவது என் வேலை. யோசிப்பது என் வேலையில் சேராது. அதற்குத் தனிப் படி எதுவும் கொடுப்பதில்லை.

வண்டி ஜப்பான்காரர்கள் கழித்துக் கட்டியது. அங்கே ஏதோ ஒரு ஊர், இனி இதை வைத்து ஒன்றும் அணைக்க முடியாது என்று முடிவுகட்டி, எங்களுக்குத் தானம் செய்தது. தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா? மேயர் கதவில் தன் படத்தை ஒட்டி, பாதிரியாரைக் கூப்பிட்டுத் தீர்த்தம் தெளித்து, பேண்டு வாத்தியத்தோடு ஊர்வலம் விட்டார். எங்கள் நாட்டு வண்டிகளுக்கெல்லாம் ஸ்டியரிங் இடப்பக்கம். இதற்கு மட்டும் வலப்பக்கம். முதல் ஓட்டுநர் மேயரின் மருமகப் பிள்ளை. மூன்றாம் நாளே வண்டியை ரொட்டிக்கடைக்குள் விட்டான். அதன் பிறகுதான் சாலிங் ஞாபகம் வந்தது. பதினான்கு வருஷம் மார்க்கெட் பாதையில் ஜீப்னி ஓட்டியவள் அவள். ஜீப்னி என்றால் எங்கள் ஊர் மினி பஸ்; பத்துப் பேருக்கான இடத்தில் இருபது பேரை உட்காரவைத்து, இன்னும் ரெண்டு பேருக்கு இடமிருக்கிறது என்று சத்தியம் செய்வது அதன் மரபு.

“வலப்பக்கம் ஸ்டியரிங், ஓட்டுவியா?” என்று மேயர் கேட்டார்.

“ரோடு நடுவுலதானே இருக்கு மேயர்” என்றாள்.

அது நடந்து பதினொரு வருஷம். இன்றுவரை அவள் தற்காலிக ஊழியர். ஆறு மாதத்துக்கு ஒரு முறை, ஜூன் முப்பதிலும் டிசம்பர் முப்பத்தொன்றிலும், மேயர் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த ஆறு மாதம் வேலை. மனுஷி ஐம்பத்திரண்டு வயதுவரை இப்படியே தற்காலிகமாக இருந்துவிட்டாள். அரசாங்கத்தின் முறையான தீயணைப்பு நிலையம் பக்கத்து ஊரில், நாற்பது நிமிடத் தொலைவில் இருக்கிறது. தீக்கு அந்தப் பொறுமை கிடையாது என்பதால் எங்களுக்கு சாலிங்கும் அந்தக் கிழட்டு வண்டியும்தான் கதி.

ஒவ்வொரு அக்டோபரிலும், வரவு செலவுத் திட்டம் போடும் நாளில், அவள் ஒரு மனுவோடு வந்து நிற்பாள். கேட்பது மூன்றே மூன்று. எண்ணெய்த் தீயை அணைக்கும் நுரை மருந்து. ஓட்டையில்லாத இரண்டு குழாய். ஐம்பது நிமிடத்தில் நிரம்புகிற வண்டித் தொட்டியைப் பத்து நிமிடத்தில் நிரப்ப, கிணற்றுக்கு ஒரு மோட்டார்.

சுற்றுலாவுக்குப் பொறுப்பான உறுப்பினர் பென்சி, மேயரின் மைத்துனர், நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்பார்: “போன வருஷம் எத்தனை தீ அக்கா?”

“ரெண்டு.”

“ரெண்டே ரெண்டு தீ! திருவிழாவுக்கு எத்தனை பேர் வந்தாங்க தெரியுமா? இருபதாயிரம். நீயே சொல்லு, மக்களுக்கு எது தேவை?”

“எரியுற வீட்டுக்குள்ள நிக்கறவனையும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க, கவுன்சிலர்.”

எல்லோரும் சிரிப்பார்கள். நான் ‘கவனத்தில் கொள்ளப்பட்டது’ என்று தட்டச்சு செய்வேன். அப்புறம் அந்த வருஷத்துப் பேரிடர் நிதியில், ‘எதற்கும் தயார்’ என்று மார்பில் அச்சடித்த சட்டைகள் தைத்து, கடற்கரை விடுதியில் இரண்டு நாள் பயிற்சி நடக்கும். பயிற்சிக்கு சாலிங்கைக் கூப்பிட மாட்டார்கள். வண்டியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே. தெருமுனைகளில் ஐந்து தீயணைப்புக் குழாய்த் தூண்கள் நிற்கின்றன. வருஷா வருஷம் அவற்றுக்குச் சிவப்புச் சாயம் பூச ஒதுக்கீடு உண்டு. அடியில் குழாய் பதிக்கத்தான் இல்லை. இதுவரை அவற்றை ஒழுங்காகப் பயன்படுத்தியவை நாய்கள் மட்டுமே.

இப்போது சான் ஹுவான் திருநாளுக்கு வருகிறேன். ஜூன் இருபத்துநான்கு, எங்கள் ஊர்ப் புனிதரின் நாள். அன்று யார்மேல் யார் தண்ணீர் ஊற்றினாலும் கோபப்படக் கூடாது. பாதிரியார் முதல் போலீஸ்காரர் வரை நனைந்தே ஆகவேண்டும். தெருவுக்குத் தெரு முழுப் பன்றியைக் கம்பில் கோர்த்து வாட்டிக்கொண்டிருப்பார்கள். காலை எட்டு மணிக்கு சைரன் ஊதிக்கொண்டு தீயணைப்பு வண்டி சதுக்கத்துக்கு வரும். வந்ததும் கூட்டத்தின்மேல் பீய்ச்சி அடிக்கும். வருஷம் முழுக்க அந்த வண்டியை ஏறிட்டுப் பார்க்காத ஊர், அன்று அதன் முன்னால் ஆடித் தீர்க்கும்.

இந்த ஒரு நாள்தான் சாலிங்குக்கு ஆகாது. ஊரெல்லாம் அடுப்பு எரிகிற நாளில் ஊரின் ஒரே வண்டி காலித் தொட்டியோடு நிற்கலாமா? மூன்றில் ஒரு பங்கு தண்ணீரையாவது மிச்சம் வைக்க வேண்டும் என்பது அவள் வைராக்கியம். ஒவ்வொரு வருஷமும் பம்பை நைசாகத் திருகி இருமவிட்டு, “தீர்ந்துபோச்சு, எல்லாரும் வீட்டுக்குப் போங்க” என்று சொல்லிவிடுவாள்.

போன வருஷம் பென்சி தற்செயலாகத் தொட்டிமேல் கை வைத்தார். மேலே வெயிலில் கொதித்தது. கீழே ஜில்லென்று இருந்தது. “தண்ணி இருக்கு! மக்கள் தண்ணியை ஒளிச்சு வெச்சிருக்கா!” என்று ஒலிபெருக்கியில் கத்தினார். ஊரே அவளைக் கேலி பேசியது. கருமி என்றார்கள். தொட்டிமேல் படுத்து அடைகாக்கிறாள் என்றார்கள். இந்த வருஷம் ஏப்ரலிலேயே சபை தீர்மானம் போட்டுவிட்டது: திருநாளன்று வண்டித் தண்ணீர் முழுவதையும் மக்கள் மகிழ்ச்சிக்காகப் பயன்படுத்த வேண்டும், உறுப்பினர் பென்சி மேற்பார்வையிட வேண்டும். ‘முழுவதையும்’ என்றுதான் அவர்கள் சொன்னார்கள். ‘கடைசிச் சொட்டு வரை’ என்று எழுதியது நான். படிக்க அழகாக இருந்தது.

திருநாள் காலையில் பென்சி வண்டியைச் சுற்றிவந்து தட்டித் தட்டிப் பார்த்தார். பின்பக்கம் ஒரு சின்னத் தொட்டி, ஜப்பானிய எழுத்தோடு.

“இது என்ன அக்கா?”

“கியர் ஆயில்.”

“இவ்ளோவா?”

“ஜப்பான்காரன் நம்மள மாதிரியா? எதுலயும் முன்யோசனை.”

பென்சி தலையாட்டிவிட்டு ஏறிக்கொண்டார். அது நுரை மருந்துத் தொட்டி. மருந்துதான் பதினொரு வருஷமாகக் கவனத்தில் கொள்ளப்பட்டு வந்ததே; ஆகவே அதில் அவள் ஐந்நூறு லிட்டர் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தாள். எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் அதையும் தீர்மானத்தில் அழகாகச் சேர்த்திருப்பேன்.

பத்தரை மணி இருக்கும். நான் குறிப்பேட்டோடு வண்டிமேல் பென்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பெரிய தொட்டியில் இன்னும் பாதி இருந்தது. சாலிங் சட்டென்று பம்பை நிறுத்தினாள்.

“மார்க்கெட்டுக்குப் பின்னால புகை.”

“பன்னி வாட்டறாங்க” என்றார் பென்சி. “இன்னைக்குப் புகை இல்லாத தெரு எது?”

“பன்னிப் புகை வெள்ளையா வரும். இது கறுப்பு.”

“கொழுத்த பன்னியா இருக்கும். பம்பைப் போடு.”

“ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துடறேன் கவுன்சிலர். பன்னியா இருந்தா உங்களுக்குக் காது கொண்டாறேன்.”

“அன்செல்மோ, அக்காவுக்குத் தீர்மானத்தைப் படிச்சுக் காட்டு.”

படித்தேன். ஒலிபெருக்கியில் படித்தேன். ‘கடைசிச் சொட்டு வரை’ என்ற இடத்தில் சதுக்கமே கைதட்டியது. என் எழுத்துக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே கைதட்டல் அது. பென்சி எட்டி விசையைத் திருகினார். தண்ணீர் மறுபடி சீறியது. சாலிங் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, புகையின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கால் மணி நேரத்தில் தொட்டி வற்றியது. அப்போதுதான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு கோரிங் ஓடிவந்தாள். என் பக்கத்து வீட்டுக்காரி. “தீ! தீ!” என்று கத்திக்கொண்டே வந்தாள். வழிநெடுக ஆளுக்கொரு வாளி அவள்மேல் ஊற்றினார்கள். இன்றைக்குத் தீ என்று கத்தினால் வேறென்ன செய்வார்கள்? வண்டியை எட்டும்போது கிணற்றில் விழுந்து எழுந்தவள்போல் இருந்தாள்.

“அன்செல்மோ, நம்ம சந்து! என் கூரை பத்திக்கிச்சு, அடுத்தது உன்னோடதுதான்!”

சாலிங் சைரனைப் போட்டாள். அதுதான் தப்பாகப் போனது. இந்த நாளில் சைரன் என்றால் தண்ணீர் வருகிறது என்று அர்த்தம். விலக வேண்டிய சனம் விழுந்தடித்துக்கொண்டு வந்தது. இரண்டாவது ஆட்டம் என்று நினைத்து வாளியைத் தலைக்கு மேல் தூக்கி ஆடினார்கள். ஒருவன் முன்கண்ணாடியைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தான். பென்சி ஒலிபெருக்கியில் “உண்மையான தீ! சத்தியமா தீ!” என்று கத்தக் கத்த ஆட்டம் கூடியது. அவர் பேச்சை ஊர் நம்பாமல் போன ஒரே நாள் அதுவாகத்தான் இருக்கும்.

சாலிங் சைரனை அணைத்தாள். ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, கதவிலிருந்த மேயர் முகத்தை உள்ளங்கையால் பட்பட்டென்று அறைந்துகொண்டே, பழைய ஜீப்னித் தொண்டையை எடுத்தாள்.

“மார்க்கெட்! மார்க்கெட்! இன்னும் ரெண்டு சீட்டு! ஏறுறவங்க ஏறு, ஏறாதவன் வழியை விடு! காலை எடுடா, மேல ஏத்திருவேன்!”

ஜீப்னிக்கு யார் ஆடுவார்கள்? எரிச்சலோடு திட்டிக்கொண்டே விலகினார்கள். சைரனுக்குக் கொடுக்காத வழியை மினி பஸ்ஸுக்குக் கொடுத்தார்கள். மூன்று நிமிடத்தில் எங்கள் சந்து முனையில் நின்றோம்.

கோரிங் வீடு முடிந்துவிட்டிருந்தது. என் வீட்டு ஓலைத் தாழ்வாரத்தில் தீ தாவிக்கொண்டிருந்தது. மனைவியும் மகளும் கோயிலில் இருந்தார்கள், அந்த மட்டும் புண்ணியம். தெருக்குழாய்களைத் திறந்து பார்த்தார்கள். காலையிலிருந்து ஊரே திருநாளுக்குத் தண்ணீர் பிடித்ததில் காற்றுதான் வந்தது. சாலிங் பின்பக்கம் ஓடி, அந்தச் சின்னத் தொட்டியில் குழாயை மாட்டினாள். ‘கியர் ஆயில்’ பளிங்குபோலப் பாய்ந்தது. பென்சி வாயைப் பிளந்தார்.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். “அக்கா, என் வீடு! இப்பத்தான் பத்துது, இப்ப அடிச்சா நின்னுடும்!”

சந்தின் கடைசியில் சமையல் வாயுக் கடை. மரச்சுவரை ஒட்டி நாற்பது சிலிண்டர். அதற்குப் பின்னால் அறுபது குடும்பம் இருக்கும் ஓடைக்கரை. தீ அந்தச் சுவரை நக்கத் தொடங்கியிருந்தது.

“தள்ளி நில்லு தம்பி” என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். தீர்மானத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஏதாவது குத்திக்காட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன். சொட்டுச் சொட்டாக எண்ணி அந்தச் சுவரை நனைத்தாள். நான் என் வீடு எரிவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் தீர்ந்தபோது சுவர் கரிந்து புகைந்தது, ஆனால் நின்றது. சிலிண்டர்கள் அப்படியே இருந்தன. பக்கத்து ஊர் வண்டி வந்து சேர்ந்தபோது ஒன்பது வீடுகள் சாம்பல். ஓடைக்கரையில் ஒரு கூரைகூடக் கருகவில்லை.

என் வீட்டோடு போனவற்றில் சாலிங்கின் பதினொரு மனுக்களும் உண்டு. அலுவலக அலமாரி முழுக்க ‘எதற்கும் தயார்’ சட்டைகள் அடைத்திருந்ததால், பழைய கோப்புகளை என் வீட்டில்தான் வைத்திருந்தேன். பதினொரு வருஷமாக அவற்றின் சூடு யாருக்கும் உறைக்கவில்லை. எரிந்து பார்த்ததிலும் பயனில்லை.

மாகாண அலுவலகம் அறிக்கை கேட்டது. முக்கியமாக ஒரே கேள்வி: தீ நடந்த இடத்துக்கு வண்டி போனபோது தொட்டியில் தண்ணீர் இருந்ததா? இருபத்தெட்டாம் தேதி மேயர் சாலிங்கையும் பென்சியையும் என்னையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். என் வீட்டுக்காக அனுதாபம் சொன்னார். பென்சி அனுதாபமாகத் தலையாட்டினார்.

“எழுதிக்கோ அன்செல்மோ” என்றார் மேயர். “திருநாள் நிகழ்ச்சி முடிந்ததும், மேயரின் முன் உத்தரவுப்படி, வண்டித் தொட்டி முழுவதும் மறுபடி நிரப்பப்பட்டது.”

என் விரல்கள் நின்றன. சாலிங் கேட்டாள்: “நெறைஞ்ச தொட்டியோட போயி ஒம்பது வீட்டை எரியவிட்டேன்னு கையெழுத்துப் போடணுமா நான்?”

“பலமான காற்றுன்னு சேத்துக்கலாம். உனக்கு ஒரு சின்ன எச்சரிக்கைக் கடிதம் வரும், அவ்வளவுதான். எல்லாரும் மறந்துருவாங்க.” மேயர் மேசையிலிருந்த இன்னொரு தாளை விரலால் நகர்த்தினார். அது அவளுடைய அடுத்த ஆறு மாத வேலை ஒப்பந்தம். “நாளன்னைக்கு முப்பதாம் தேதி. மருமகப் பிள்ளை ஊருக்குத் திரும்பிட்டான். வேலை கேக்கறான். நான்தான், சாலிங் இருக்காளேன்னு சொல்லிட்டிருக்கேன்.”

“அந்தச் சின்னத் தொட்டி?” என்றார் பென்சி.

“எந்தச் சின்னத் தொட்டி?” என்றார் மேயர். “தீர்மானப்படி வண்டியில ஒளிச்சு வெச்ச தண்ணியே கிடையாது. இல்லாததைப் பத்தி அறிக்கையில எப்படி எழுதறது?”

சாலிங் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள். மேயரும் அவள் ஒப்பந்தத்தில் போட்டார். இரண்டு பேனாவும் ஒரே நேரத்தில் கீறின.

வெளியே வந்ததும் அவள்மேல் எரிந்து விழுந்தேன். “என்னக்கா இது? அறுபது குடும்பத்தைக் காப்பாத்தினவ நீ! நான் சாட்சி சொல்றேன்! தீர்மானம் என் கையாலதான் அடிச்சது, அதைக் காட்டறேன்!”

“காட்டு. என்னை அனுப்பிருவாங்க. அந்த ரொட்டிக்கடைப் பய வந்து உக்காருவான். அவனுக்கு அது நுரைத் தொட்டின்னு தெரியுமா? தெரிஞ்சாலும் நெறப்பி வெப்பானா?” நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். “அடுத்த வருஷமும் சான் ஹுவான் வரும் தம்பி. நீ டைப் அடிச்சுக் குடு.”

நான் அடித்துக் கொடுத்தேன். பிழையில்லாமல் அடித்துக் கொடுத்தேன். வெட்கமாக இருந்தது; இன்றும் இருக்கிறது.

அறிக்கையைச் சபை அறிவிப்புப் பலகையிலும் ஒட்டினார்கள். வீடு போன ஒன்பது குடும்பமும் அப்போது கூடைப்பந்து மைதானத்தில்தான் படுத்திருந்தோம், நான்கு மேயர் படங்களுக்கு அடியில், பாய்க்குப் பாய் துணி கட்டி மறைத்துக்கொண்டு. அங்கே குழாய் கிடையாது. அதனால் ஜூலை முதல் வாரம் பூராவும் சாலிங்தான் தீயணைப்பு வண்டியில் எங்களுக்குக் குடிதண்ணீர் கொண்டுவந்தாள். ஆறு நாளில் ஒருவர்கூட அவளோடு பேசவில்லை. வாளியை வைப்பார்கள், நிரம்பியதும் எடுத்துக்கொண்டு போவார்கள். மார்க்கெட்டில் அவளைப் பார்த்தால் காறித் துப்பினார்கள் என்றும் கேள்விப்பட்டேன். நிறைந்த தொட்டியோடு போய் வேடிக்கை பார்த்தவள் அல்லவா!

ஏழாம் நாள் வரிசையில் எனக்கு முன்னால் கோரிங் நின்றாள். அவள் வாளி நிரம்பிக்கொண்டிருந்தது. திடீரென்று என் பக்கம் திரும்பினாள்.

“அன்செல்மோ, அந்தக் காகிதத்தை நீதானே அடிச்சே. உன் வீடும்தானே போச்சு. நெசத்தைச் சொல்லு. அன்னைக்குத் தொட்டி நெறையத் தண்ணி இருந்துச்சா?”

வரிசை முழுக்க என்னைப் பார்த்தது. சாலிங் என்னைப் பார்க்கவில்லை. குழாயைப் பிடித்தபடி வாளிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். தலையை மட்டும் மெதுவாக, மேலும் கீழுமாக ஒருமுறை அசைத்தாள்.

“இருந்துச்சு” என்றேன்.

கோரிங் வாளியைத் தூக்கினாள். முழுத் தண்ணீரையும் சாலிங்கின் முகத்தில் வீசி ஊற்றிவிட்டு, காலி வாளியோடு போனாள். சாலிங் கண்ணைத் துடைத்துக்கொண்டு குழாயை மறுபடி திறந்தாள்.

“அடுத்த ஆள் வாங்க” என்றாள்.